களவு நூலும் சாட்சி நாற்காலியும்

கோவலன் கையிலே சிலம்பு இருந்தது. அவனைச் சூழ்ந்த காவலர் கையிலே வாள் இருந்தது. இரண்டுக்கும் இடையே இருந்திருக்க வேண்டிய ஒன்று மட்டும் அங்கே இல்லை. அதற்குப் பெயர் விசாரணை!

வந்த காவலருக்கு ஐயம் பிறக்காமல் இல்லை. இவனைப் பார்த்தால் கள்வனாகத் தோன்றவில்லையே என்று தயங்கி நின்றனர். பொற்கொல்லன் நகைத்தான். கள்வரின் இலக்கணம் கூறும் நூல் ஒன்று உண்டென்றான். மந்திரம் முதல் கருவி வரை எட்டுத் துணைகள் கள்வருக்கு உண்டென்று விரித்துரைத்தான். எதிரே நிற்கும் மனிதனைக் கண்கொண்டு பார்த்தவர்கள், நூல்கொண்டு பார்க்கத் தொடங்கினர். வாள் வீழ்ந்தது.

இளங்கோவடிகள் தீட்டிய இந்தக் காட்சியைக் காவியச் சுவைக்காகப் படிக்கிறோம், கண்ணீர் சிந்துகிறோம், ஏட்டை மூடிவிடுகிறோம். மூடுமுன் சற்றே எண்ணிப்பாருங்கள், தோழர்களே! ஒருவனை வழியிலே நிறுத்துகிறார்கள். அவனது உடைமையைப் பார்க்கிறார்கள். எக்காரணத்தால் நிறுத்தினோம் என்று எழுதிவைக்க ஏடு இல்லை. நடப்பதைக் காண ஊரார் ஒருவரும் இல்லை. 'இன்னவர் திருடுவர்' என்று சொல்லும் நூல் மட்டும் இருக்கிறது. காரணம் இன்றி, சாட்சி இன்றி, ஏடு இன்றி நடக்கும் சோதனை எங்கே முடியும் என்பதை அன்றே காட்டிவிட்டார் சேரர் குலத் துறவி. கடலூர்ச் சீமையிலும் சிதம்பரத்திலும் 20-ஆம் நூற்றாண்டு முடியும் தறுவாயிலும் அதே முடிவு நேர்ந்தது. அந்த வரலாற்றையும், அதை எதிர்த்து நின்ற மக்களின் வரலாற்றையும் சேர்த்துப் படிப்பது நம் கடமை.

இன்று நாம் காணும் போலீசுத் துறை, மக்களின் முறையீட்டிலே பிறந்தது என்றால் வியப்பாக இருக்கும். ஆனால் உண்மை அதுதான். கும்பினி ஆட்சியில் வரி தண்டும் அதிகாரமும் குற்றவாளியைப் பிடிக்கும் அதிகாரமும் ஒரே தாசில்தார் கையில் இருந்தன. வரி கட்டாத உழவனும் திருட்டு ஐயத்தில் பிடிபட்டவனும் ஒரே சேவகனிடம் அடிபட்டனர். விரல்களை நெரிக்கும் 'கிட்டி', கழுத்தைக் காலோடு பிணைத்துக் குனிய வைக்கும் 'அண்ணாந்தாள்' ஆகிய தமிழ்ச் சொற்கள் ஆங்கில அரசின் அறிக்கையிலே ஏறிய அவலம் அப்போது நேர்ந்தது. பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் கேள்வி எழுந்தது. 1854-இல் சென்னை மாகாணத்தில் சித்திரவதை விசாரணைக் குழு அமைந்தது. வழக்கறிஞர் ஜான் புரூஸ் நார்ட்டன் அதில் ஓர் உறுப்பினர். எங்கெங்கோ இருந்த எளியோர், மாகாணத்தின் தொலைதூர மாவட்டங்களிலிருந்து சென்னை வந்து அக்குழுவின் முன் நின்று தம் காயங்களைக் காட்டினர். 1855-இல் அறிக்கை வெளிவந்தது. 1859-இல் போலீசுக்கெனத் தனிச் சட்டம் இயற்றப்பட்டு, வரி தண்டும் கை வேறு, பிடிக்கும் கை வேறு எனப் பிரிக்கப்பட்டது.

காயம்பட்டவன் வாய் திறந்தான். ஆட்சியின் அமைப்பே மாறிற்று. இது முதற்பாடம்.

ஆனால் புதிய துறை, புதிய களவு நூலையும் உடன் கொண்டுவந்தது. 1871-இல் வடஇந்தியாவிலே தொடங்கிய குற்றப் பரம்பரைச் சட்டம், 1911-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாகச் சென்னை மாகாணத்தையும் வளைத்துக்கொண்டது. அதற்கு முன்பே, 1892-இல், இம்மாகாணத்தின் 'குற்ற வகுப்பினர்' பற்றிப் போலீசு அதிகாரி முல்லாலி என்பவர் நூல் எழுதி வெளியிட்டிருந்தார். இன்ன சாதி இன்ன விதமாகத் திருடும், இன்ன வேடம் பூணும், இன்ன கருவி ஏந்தும் என்று வகுத்துரைக்கும் நூல். பொற்கொல்லன் வாய்மொழியாகச் சொன்னதை வெள்ளையர் அச்சிட்டு, அட்டை கட்டி, காவல் நிலையத்தின் அலமாரியிலே வைத்தனர்! மனு எழுதிய நூல் பிறப்பைக் கொண்டு உயர்வும் தாழ்வும் கற்பித்தது; இந்த நூலோ பிறப்பைக் கொண்டு குற்றத்தையே கற்பித்தது. முன்னதைப் படித்து வளர்ந்த நாட்டில் பின்னதற்கு எதிர்ப்பு எழவா போகிறது என்று ஆள்வோர் எண்ணியிருப்பர்.

தென்னார்க்காடு மாவட்டம் அந்தப் பட்டியலுக்குத் தப்பவில்லை. வேப்பூரின் பெயரைச் சேர்த்து ஒடுக்கப்பட்ட மக்களின் ஒரு பிரிவையும், கடலூர் வட்டாரத்து வெள்ளையன்குப்பத்தின் பெயரைச் சேர்த்துப் படையாட்சி மக்களின் ஒரு பிரிவையும் அது குற்றப் பரம்பரை ஆக்கியது. சேரிக்கு ஒன்று, ஊருக்கு ஒன்று! சாதிக்குள்ளே உயர்வு தாழ்வு பேசி மோதிக்கொண்டிருந்த இரு தரப்பாரையும் ஒரே பதிவேட்டிலே ஏற்றி ஒரே மையிலே விரலைத் தோய்த்தது வெள்ளையர் சட்டம். அச்சட்டத்தின்கீழ்க் குடும்பங்களைக் கொண்டுவந்து அடைத்து வைக்கும் குடியிருப்பு ஒன்றும் அஜீஸ் நகர் என்ற பெயரில் இம்மாவட்டத்தில் நிறுவப்பட்டது.

மக்கள் இதற்கு இட்ட பெயர் 'ரேகைச் சட்டம்'. கைரேகை பதித்தவன் இரவு நேரத்தில் அழைத்த குரலுக்கு எழுந்து நிற்க வேண்டும். ஊர் எல்லை தாண்டச் சீட்டு வேண்டும். மதுரைப் பக்கத்தில் அதை 'ராதாரிச் சீட்டு' என்றனர். சீட்டில்லாமல் எல்லைக்கு அப்பால் காணப்பட்டால், போலீசார் மட்டுமல்லர், கிராம முன்சீபும் தலையாரியும்கூட வாரண்டு இன்றிப் பிடிக்கலாம். திருடவே வேண்டாம், திருட முற்படுவான் போலத் தோன்றும் சூழ்நிலையில் பதிவுபெற்றவன் காணப்பட்டான் என்று நீதிமன்றம் கருதினாலே 3 ஆண்டு வரை சிறை! இவை அனைத்தினும் கொடியது ஒன்று. இன்ன கூட்டத்தார் குற்றப் பரம்பரை என்று அரசு அறிவித்துவிட்டால், அந்த அறிவிப்புச் செல்லுமா என்று எந்த நீதிமன்றமும் கேட்கக் கூடாது என்றது சட்டம். ஐயத்துக்குக் காரணம் கேட்கும் வாயையே தைத்துவிட்டார்கள்.

அந்தக் காலத்தின் தழும்பு நம் பேச்சிலே இன்றும் இருக்கிறது. 'அவன் பெரிய கேடி' என்கிறோம். கேடு என்னும் தமிழ்ச் சொல்லின் பிள்ளை போல ஒலிக்கும் இச்சொல், போலீசுப் பதிவேட்டிலே பெயர்களுக்கு எதிரே எழுதப்பட்ட இரண்டு ஆங்கில எழுத்துகளின் ஒலியே ஆகும்.

தைத்த வாய் எப்படித் திறந்தது? 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டிக்கு அருகே பெருங்காமநல்லூரில் ரேகை பதிக்க மறுத்து நின்ற மக்கள்மீது போலீசார் சுட்டனர். மாயக்காள் என்ற பெண் உள்பட 16 பேர் மாண்டனர். வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப் அம்மக்களுக்காக வாதாடினார். 'ரோசாப்பூ துரை' என்று அவரைப் போற்றினர் அந்த மக்கள். 1930-களில் முத்துராமலிங்கத் தேவர் அச்சட்டத்தை எதிர்த்து ஊர் ஊராகக் கிளர்ச்சி நடத்தினார். இறுதியில் 1947-இல், தென்னார்க்காட்டு ஓமந்தூரிலே பிறந்த இராமசாமி ரெட்டியார் முதன்மை அமைச்சராக இருந்த ஆட்சியில், சென்னை மாகாணம் அச்சட்டத்தை நீக்கியது. இந்தியா முழுமைக்கும் அது நீங்கிய நாள் 1952 ஆகஸ்டு 31.

நீங்கியது சட்டம், நீங்கியதா நினைப்பு? 1948-லேயே 'வழக்கமான குற்றவாளிகள்' பற்றிய கட்டுப்பாட்டுச் சட்டம் சென்னையில் வந்துவிட்டது. பரம்பரையின் பெயர் போய்த் தனி மனிதனின் பெயர் வந்தது. ஆனால் யாரை நிறுத்துவது, யாருடைய குடிசையைக் கலைத்துப் பார்ப்பது என்று முடிவு செய்யும் கண்கள் பழைய நூலைத்தான் படித்துக்கொண்டிருந்தன.

கடலூருக்கு மற்றொரு தனித்தன்மை உண்டு. அது எல்லையூர். வடக்கே புதுச்சேரி, அங்கே 1954 வரை பிரெஞ்சுக் கொடி பறந்தது. எல்லை இருக்கும் இடத்தில் நிறுத்தலும் சோதனையும் இருந்தே தீரும். பத்தாண்டுக் காலம் புதுச்சேரியிலே வாழ்ந்த பாரதியார், 1918 நவம்பரில் அந்த எல்லையைத் தாண்டிக் கடலூர்ப் பக்கம் வந்ததும் பிடிக்கப்பட்டார். கடலூர்ச் சிறையிலே மூன்று வாரங்களுக்கு மேல் வைக்கப்பட்டு, டிசம்பரில் நிபந்தனைகளோடு விடப்பட்டார். கவிஞர் என்பதால் அந்தச் சிறைவாசத்தை வரலாறு எழுதி வைத்திருக்கிறது. அதே எல்லையில் நிறுத்தப்பட்ட கூலிக்காரரையும் மீன் விற்கும் மாதரையும் பற்றி எழுதி வைத்தவர் யார்?

கொடி மாறியது, சாவடி மாறவில்லை. 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் திருத்தங்களோடு இன்றளவும் இருக்கிறது. புதுச்சேரி மது விலை மலிவு. ஆகவே ஆல்பேட்டைச் சோதனைச் சாவடியிலே பேருந்தை நிறுத்துவார்கள். பையைத் திறக்கச் சொல்வார்கள். இருசக்கர வண்டியின் பெட்டியைப் பார்ப்பார்கள். கள்ளச் சாராயத்தால் குடும்பங்கள் அழிந்த நாட்டில் சோதனையே கூடாது என்று எவரும் சொல்லமாட்டார். காரில் செல்பவருக்கு ஒரு சல்யூட், கைலி கட்டியவருக்கு ஓர் அதட்டல் என்று அது பிரிந்துவிடாமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு என்ன என்பதே கேள்வி.

அத்தகைய ஏற்பாடு இல்லாத இடத்தில் என்ன நேரும் என்பதற்கு இரண்டு சான்றுகள்.

1992-இல் சிதம்பரம் அண்ணாமலை நகரில், ஐயத்தின்பேரில் கொண்டு செல்லப்பட்ட உழைப்பாளி ஒருவர் காவல் நிலையத்திலே உயிரிழந்தார். அவரைத் தேடிச் சென்ற மனைவி அங்கேயே காவலரின் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். பல்கலைக்கழகத்தின் நிழலிலே, தில்லைக் கோபுரத்தின் பார்வையிலே நடந்தது இது! மாதர் சங்கத்தாரும் இடதுசாரித் தோழர்களும் தெருவில் இறங்கினர். வழக்கை விடாது நடத்தினர். காவலர்கள் குற்றவாளிக் கூண்டில் ஏறித் தண்டனை பெற்றனர்.

மறு ஆண்டு, 1993 மார்ச்சில், விருத்தாசலத்தை அடுத்த முதனையைச் சேர்ந்த குறவர் இனத்து உழைப்பாளி ஒருவரை நகைத் திருட்டு ஐயத்தில் கம்மாபுரம் காவல் நிலையத்தார் கொண்டுசென்றனர். அவர் தப்பி ஓடிவிட்டார் என்று பின்னர்க் கூறினர். கணவர் எங்கே என்று கேட்டு மனைவி உயர்நீதிமன்றப் படியேறினார். வழக்கறிஞர் சந்துரு வாதாடினார். அடித்துக் கொல்லப்பட்ட செய்தி வெளிப்பட்டது. குற்றம் புரிந்த காவலர்களுக்கு உயர்நீதிமன்றம் தண்டனை அளித்தபோது ஆண்டு 2006. பதின்மூன்று ஆண்டுகள்! 2021-இல் 'ஜெய் பீம்' திரைப்படமாக நாடறிந்தது இவ்வழக்கே.

கையிலே சிலம்பு இல்லை. பாண்டியன் அவை போலத் தடையின்றி நுழையும் வாயிலும் இல்லை. ஆயினும் நீதி கேட்டுச் சென்ற இவ்விரு பெண்களையும் கண்ணகியின் மரபினர் என்று சொல்வது மிகை ஆகாது. ஒரு வேறுபாடு உண்டு. கண்ணகி தனியாகச் சென்றாள். இவர்களோடு ஊரிலே சிலர் துணை நின்றனர். அந்தத் துணைதான் வழக்கை வெல்ல வைத்தது. திண்டிவனத்தில் பேராசிரியர் கல்விமணி போன்றோர் முன்னின்று வளர்த்த பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கமும், பொய்த் திருட்டு வழக்குகளில் சிக்கவைக்கப்படும் இருளர் மக்களுக்கு அத்தகைய துணையாகவே நின்றது.

ஆனால் பிணம் விழுந்த பின்னர் வரும் துணை போதுமா? நிறுத்தும் நொடியிலேயே துணை வேண்டாமா?

இந்தக் கேள்விக்கு நம்மை ஆண்டவர்களின் தலைநகரிலேயே விடை தேடினர் கருப்பின மக்கள். இங்கிலாந்தில் 1824-ஆம் ஆண்டு நாடோடிகள் சட்டம் ஒன்று இருந்தது. ஐயத்துக்குரிய முறையில் திரிகிறான் என்று போலீசார் கூறினாலே பிடிக்கலாம். நம் நாட்டுக்கு 1898-இல் அவர்கள் எழுதித் தந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும், பிழைப்புக்கு வழி காட்டாதவன், தன்னைப் பற்றி நிறைவான விளக்கம் தராதவன் ஆகியோரைப் பிடிக்கும் விதி இருந்தது. ஒரே பட்டறையில் அடித்த இரண்டு விலங்குகள்! லண்டனில் அந்த விலங்கு கருப்பின இளைஞர் கையிலே பூட்டப்பட்டது. அவர்தம் அன்னையர் கூடிக் கிளர்ச்சி செய்தனர். 1981 ஏப்ரலில் பிரிக்ஸ்டன் பகுதியில் சில நாட்களுக்குள் 900-க்கும் மேற்பட்டோரை நிறுத்திச் சோதித்தனர், பகுதியே எரிந்தது. நீதிபதி ஸ்கார்மன் விசாரித்து அறிக்கை தந்தார். ஐயச் சட்டம் அந்த ஆண்டே நீங்கியது. 1984-இல் வந்த புதிய சட்டம், நிறுத்திச் சோதித்தால் காரணத்தை எழுத வேண்டும், சோதிக்கப்பட்டவர் கேட்டால் நகல் தர வேண்டும் என்றது. பிற்காலத்தில் பல ஊர்களில் பொதுமக்கள் குழுக்கள் அமைந்து, அந்தச் சோதனைச் சீட்டுகளைப் படித்து, இந்தக் காரணம் காரணமா என்று கேட்கத் தொடங்கின. அங்கும் ஏற்றத்தாழ்வு ஒழிந்துவிடவில்லை. எனினும் ஏற்றத்தாழ்வு எவ்வளவு என்று எண்ணிச் சொல்ல அங்கே ஏடு இருக்கிறது. நமக்கு அதுவும் இல்லை.

'இது மேனாட்டுச் சரக்கு, நமக்கு ஒவ்வாது' என்பார் உளர். அவர்கள் நம் சட்டப் புத்தகத்தையே திறந்து பார்க்கட்டும். ஓர் இடத்தைச் சோதிக்கும் அதிகாரி, அந்த வட்டாரத்தைச் சேர்ந்த, சார்பற்ற, மதிப்புக்குரிய இருவரையாவது அழைத்து அவர்கள் கண்ணெதிரே சோதிக்க வேண்டும். கைப்பற்றிய பொருள்களைப் பட்டியலிட்டு அவர்களிடம் கையெழுத்துப் பெற வேண்டும். வீட்டாருக்கு நகல் தர வேண்டும். 1898-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இது 103-ஆவது பிரிவு. 1973-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 100-ஆவது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள புதிய சட்டத்தில் மீண்டும் 103-ஆவது பிரிவு! அதோடு, சோதனையை ஒலி ஒளிப் பதிவு செய்ய வேண்டும் என்ற 105-ஆவது பிரிவும் சேர்ந்திருக்கிறது. டி. கே. பாசு வழக்கில் 1996 டிசம்பர் 18 அன்று உச்சநீதிமன்றம் வகுத்த நெறிகளிலும் ஊராரின் இடம் உண்டு: கைதுக் குறிப்பிலே குடும்பத்தார் ஒருவரோ வட்டாரத்து மதிப்புக்குரியவர் ஒருவரோ சாட்சியாகக் கையெழுத்திட வேண்டும்.

ஆக, நூறாண்டுக்கும் மேலாகச் சட்டம் ஊராருக்கென ஒரு நாற்காலி போட்டு வைத்திருக்கிறது. அதில் அமர்ந்திருப்பவர் யார்? காவல் நிலையத்துக்கு எதிரே தேநீர் அருந்துபவர். சென்ற வழக்கிலும் சாட்சி, இந்த வழக்கிலும் சாட்சி, வரும் வழக்கிலும் அவரே சாட்சி! வெற்றுத் தாளிலே கையெழுத்திடும் ஆஸ்தான சாட்சி! சேரியிலே சோதனை நடக்கும்போது 'மதிப்புக்குரியவர்' என்ற சொல்லுக்கு மேல்தெருக்காரர் என்றே பொருள் கொள்ளப்பட்டால், அந்த நாற்காலியும் சாதியின் திண்ணையாகி விடுகிறது.

அரசு அமைத்த ஏற்பாடுகள் என்ன ஆயின? 1993-இல் இராமநாதபுரத்தில் 'போலீஸ் நண்பர்கள்' என்ற திட்டம் தொடங்கிற்று. பின்னர் மாநிலமெங்கும் பரவிற்று. மக்கள் போலீசுக்குத் துணை நின்றனர். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில், கடையைக் குறித்த நேரத்தில் மூடவில்லை என்ற பேச்சில் தொடங்கி, தந்தையும் மகனும் உயிரிழந்தனர். அடுத்த மாதமே அந்த நண்பர்கள் அமைப்பு தடை செய்யப்பட்டது. துணை நிற்பது ஒன்று, கண்காணிப்பது வேறொன்று. தராசு பிடிப்பவனின் நண்பனாக இருப்பதால் எடை சரியாகிவிடாது. முள்ளைப் பார்க்கும் உரிமை வேண்டும்.

2006 செப்டம்பரில் பிரகாஷ் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம், போலீசார் மீதான புகார்களை விசாரிக்க ஓய்வு பெற்ற நீதிபதிகளின் தலைமையில் மாநிலத்திலும் மாவட்டந்தோறும் ஆணையங்கள் வேண்டும் என்றது. 2013-இல் தமிழ்நாடு இயற்றிய சட்டமோ மாநில ஆணையத்துக்கு உள்துறைச் செயலாளரையும், மாவட்ட ஆணையத்துக்கு ஆட்சியரையும் தலைவராக்கி, போலீசு உயர் அதிகாரிகளையே உறுப்பினராக்கியது. 1859-இல் பிரித்த கைகளை மறுபடி கோத்துவிட்டதை ஒக்கும் இது!

வேண்டுவது பெரிதன்று. நிறுத்தப்பட்ட ஒவ்வொருவர் கையிலும் ஒரு சீட்டு: நாள், நேரம், இடம், காரணம், நிறுத்திய காவலரின் பெயர். அந்தச் சீட்டுகளின் தொகையை மாதந்தோறும் காவல் நிலைய வாயிலிலே எழுதி ஒட்டுதல். அவற்றைப் படித்துக் கேள்வி கேட்க, பெண்களும் ஒடுக்கப்பட்டோரும் பழங்குடியினரும் இளைஞரும் அமர்ந்த ஓர் ஊர்க் குழு. காவல் நிலையங்களில் கண்காணிப்புக் கேமரா வைக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்சநீதிமன்றம் இட்ட ஆணை நடப்பில் உள்ளதா என்று நேரில் கண்டுவரும் உரிமை அக்குழுவுக்கு. நீதிபதி தலைமையில் புகார் ஆணையம். இவ்வளவே!

'இப்படிக் கேள்வி கேட்டால் திருடர் கொழுத்துப் போவர்' என்று சிலர் மிரட்டுகின்றனர். கொழுத்தவன் யார் என்பதைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. அரசியின் சிலம்பைத் திருடியவன், காவலருக்குக் களவு நூல் பாடம் நடத்திய அந்தப் பொற்கொல்லனே! கோவலன் வெட்டுண்ட அன்று அவன் மகிழ்ந்தான். வழக்கு முடிந்தது என்று எண்ணினான். குற்றமற்றவன் பிடிபடும் ஒவ்வொரு நாளும் உண்மைத் திருடனுக்குத் திருநாள். ஆகவே காரணம் கேட்கும் ஊரார், நேர்மையான காவலருக்குப் பகைவர் அல்லர். அன்று தயங்கி நின்ற காவலரின் பக்கத்தில் ஊரார் இருவர் நின்றிருந்தால், அந்தத் தயக்கம் விசாரணையாக மலர்ந்திருக்கும்.

கடலூரிலும் சிதம்பரத்திலும் வாழும் தோழர்களே! உங்கள் தெருவிலே சோதனை நடக்கும்போது கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விடாதீர்கள். எழுத்து மூலம் சாட்சியாக அழைக்கப்பட்டவர் தக்க காரணமின்றி மறுப்பதைச் சட்டமே குற்றம் என்கிறது. சேரியிலே சோதனை என்றால் சேரியின் பிள்ளை, படித்த பெண், அந்த நாற்காலியில் போய் அமரட்டும். கண்டதை மட்டும் எழுதட்டும். காணாததற்குக் கையெழுத்திட மறுக்கட்டும். ஊரின் கண் திறந்திருந்தால் களவு நூல் தானே மூடிக்கொள்ளும்.